மன்றத்தின் ஆண்டறிக்கையில் ஹாம் வானொலிப் போட்டி முடிவுகளை எப்படி எழுதுவது?

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் இயங்கிவரும் சிறிய அமெச்சூர் வானொலி (ஹாம்) மன்றம் ஒன்றின் செயலாளர் என்ற முறையில் இதைக் கேட்கிறேன். மார்ச் மாதத்துக்குள் ஆண்டறிக்கையை முடித்து, மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டிக்கொள்ள எங்களுக்கு இடம் தந்திருக்கும் கல்லூரிக்கு ஒரு படி கொடுத்தாக வேண்டும். மற்ற நடவடிக்கைகளை எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. உரிமத் தேர்வுக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, அக்டோபரில் சாரண மாணவர்களை மைக் முன் அமர்த்தி வெளிநாட்டுச் சாரணர்களோடு பேச வைக்கும் ஜோட்டா நிகழ்ச்சி, சவுக்குத் தோப்பில் ஒளித்து வைத்த டிரான்ஸ்மிட்டரைக் கையில் பிடிக்கும் ஆன்டெனாவைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு, பருவமழைக்கு முன்பு மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு பகல் முழுவதும் பேட்டரியிலேயே நிலையத்தை இயக்கும் ஒத்திகை ஆகியவற்றை யார் படித்தாலும் புரிந்துகொள்வார்கள்.

போட்டிகளைப் பற்றிய பக்கத்தில்தான் சிக்கல் வருகிறது. அக்டோபர் கடைசி வார இறுதியில் நடக்கும் சிக்யூ வேர்ல்ட் வைடு குரல்வழிப் போட்டியில், 15 மீட்டர் அலைவரிசை மட்டும், குறைந்த திறன் என்ற பிரிவில், எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு இந்தியாவில் முதலிடம் என்று சான்றிதழ் வந்திருக்கிறது. வரைவில் அதை 'தேசிய அளவில் முதலிடம்' என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த மூத்த உறுப்பினர் ஒருவர், முடிவுப் பட்டியலைத் திறந்து காட்டி, அந்தப் பிரிவில் இந்தியாவிலிருந்து பதிவேடு (யார் யாரோடு பேசினோம் என்ற பட்டியல்) அனுப்பியவர்களை ஒரு கைவிரல் விட்டு எண்ணிவிடலாம் என்றும், தேசிய முதலிடம் என்று எழுதினால் படிப்பவர் வேறு எதையோ கற்பனை செய்துகொள்வார் என்றும் மறுத்தார். சான்றிதழில் உள்ளதைத்தானே எழுதியிருக்கிறோம் என்பது இளைஞர்களின் வாதம். இதற்கிடையில் இன்னொருவர், இரண்டு நாள் தூங்காமல் 'ஃபைவ் நைன், டூ டூ' என்று சிக்னல் தரத்தையும் நம் மண்டல எண்ணையும் கத்திக்கொண்டிருப்பதால் ஊருக்கு என்ன பயன் என்று கல்லூரி முதல்வர் கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா, அந்தப் பக்கத்தையே எடுத்துவிடலாமே என்கிறார்.

இந்த வட்டாரத்தில் நீண்ட காலமாகப் போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் இதை எப்படி எழுதுகிறீர்கள்? வானொலி பற்றி எதுவும் தெரியாத ஒருவருக்குப் புரியும்படியும், அதே சமயம் மிகைப்படுத்தாமலும் எழுத ஒரு வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

முத்தியால்பேட்டை எழுதியது:

வணக்கம் ஐயா. முதலில் உங்கள் உறுப்பினருக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். பிரிவில் எத்தனை பேர் இருந்தாலும், இந்திய நேரப்படி சனிக்கிழமை காலை 5.30 மணிக்குத் தொடங்கித் திங்கட்கிழமை காலை 5.29 வரை நீளும் போட்டியில் உட்கார்ந்து முடித்துப் பதிவேட்டையும் அனுப்பியவருக்கு அந்தச் சான்றிதழ் உரியதுதான்.

இருந்தாலும் உங்கள் மூத்த உறுப்பினர் பக்கம்தான் நான் நிற்கிறேன். இந்தப் போட்டியின் சிறப்பே பிரிவுகளை நுணுக்கமாகப் பிரித்து வைத்திருப்பதுதான். தனியாளா குழுவா, எல்லா அலைவரிசைகளுமா ஒன்று மட்டுமா, 5 வாட்டா 100 வாட்டா அதற்கும் மேலா என்று பிரித்துக்கொண்டே போனால், ஹாம்கள் குறைவாக உள்ள நாட்டில் ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். ஆகவே இடத்தைச் சொல்லும்போது பிரிவின் முழுப் பெயரையும், அதில் நம் நாட்டிலிருந்து பதிவேடு அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லிவிடுவதுதான் முறை. முடிவுகள் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் கிடக்கின்றன. நாம் சொல்லாவிட்டாலும் இன்னொருவர் சொல்லிவிடுவார்.

என்னைக் கேட்டால், இடத்தைவிட மதிப்பெண் எப்படி உருவானது என்று விளக்குவதுதான் படிப்பவருக்குச் சுவையாக இருக்கும். வேறு கண்டத்தில் உள்ள நிலையத்தோடு பேசினால் 3 புள்ளி, ஆசியாவுக்குள்ளேயே வேறு நாடு என்றால் 1 புள்ளி, இந்தியாவுக்குள் பேசினால் பூஜ்யம். இந்தப் புள்ளிகளின் கூட்டுத்தொகையை, நாம் தொட்ட நாடுகள், மண்டலங்கள் (போட்டிக் கணக்குக்காக உலகைப் பிரித்திருக்கும் பகுதிகள்) ஆகியவற்றின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒருவர் ஒரே அலைவரிசையில் ஐரோப்பாவில் 100 நிலையங்களையும் ஜப்பானில் 40 நிலையங்களையும் பிடித்து, எல்லாமாகச் சேர்ந்து 340 புள்ளி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அந்த நாடுகளும் மண்டலங்களும், அதாவது பெருக்கிகள், 60 என்றால் மதிப்பெண் 20,400. இப்போது ஏற்கெனவே தொட்ட நாட்டிலிருந்து இன்னோர் ஐரோப்பியர் கிடைத்தால் 180 கூடும். அவரே புதிய நாட்டுக்காரராக இருந்தால் 523 கூடும். ஆனால் அதுவரை 22ஆம் மண்டலத்தில் யாரையுமே பிடிக்காதவர், பக்கத்துத் தெருவில் உள்ள நம்மூர் நண்பரைக் கூப்பிட்டால், புள்ளி பூஜ்யமாக இருந்தும், இந்தியா என்ற நாடும் 22 என்ற மண்டலமும் ஒருசேரப் பெருக்கிகளாக ஏறி மதிப்பெண்ணை 680 உயர்த்திவிடும். புதிதாகக் கலந்துகொள்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அந்தமான் நம் நாட்டின் பகுதியாக இருந்தாலும் போட்டிக் கணக்கில் தனி நாடு. மண்டலமும் 26 என்று வேறாகிவிடும் என்பது இன்னொரு வேடிக்கை.

நம் கடற்கரையின் சாதக பாதகத்தையும் ஒரு வரியில் சொல்லலாம். ஜப்பான் நமக்கு வடகிழக்கில் இருப்பதால் அந்தத் திசையில் வங்கக் கடலின் உப்புநீர் ஆன்டெனாவுக்கு நல்ல தரையாக அமைந்து, தாழ்ந்த கோணத்தில் அலையை அனுப்புகிறது. ஆனால் ஜப்பானியர்களால் நமக்குக் கிடைப்பது தலைக்கு 1 புள்ளிதான். 3 புள்ளி தரும் ஐரோப்பா வடமேற்கில், நிலத்தின் பக்கம் இருக்கிறது. ஆகக் கடற்கரையில் இருப்பதால் எல்லாம் எளிது என்று வெளியூர் நண்பர்கள் சொல்வதை முழுதாக ஏற்க முடியாது.

உங்கள் உறுப்பினர் வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி (உரிமத்தோடு தரப்படும் நிலைய அடையாளம்) வைத்திருந்தால், அதாவது வரையறுக்கப்பட்ட உரிமம் பெற்றவர் என்றால், அதையும் எழுதுங்கள். குறைந்த திறன் பிரிவில் 100 வாட் வரை அனுமதி உண்டு என்றாலும், நம் விதிப்படி வரையறுக்கப்பட்ட உரிமம் வைத்திருப்பவர் 50 வாட்டைத் தாண்ட முடியாது. பாதித் திறனோடு அவர் அந்தப் பிரிவில் நின்றிருக்கிறார் என்பது பெருமைப்படத் தக்கதுதான்.

தேவனாம்பட்டினம் கிழக்கு எழுதியது:

முத்தியால்பேட்டை ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது; ஆனால் அந்தப் பக்கத்தையே எடுத்துவிடலாம் என்று சொன்னவரின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. நான் அவர் கட்சி.

நம் ஊரில் ஒரு வானொலி மன்றம் இருப்பதற்கு என்ன காரணம் சொல்லப் போகிறோம்? 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரை என்ன ஆனது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையைக் கடந்தபோது செல்பேசிக் கோபுரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, பல கிராமங்களில் மின்சாரம் திரும்புவதற்கு வாரக்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மோர்ஸ் முறையிலான சிக்யூ போட்டி அதற்கு முந்தைய வார இறுதியில்தான் முடிந்திருந்தது. நம் போட்டிக் காலமும் புயல் காலமும் ஒன்றாகவே வருகின்றன. அந்த நேரத்தில் உறுப்பினர்களின் உழைப்பும் பணமும் எதற்குப் போக வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

போட்டியில் பயிற்சி பெற்றவன் பேரிடரிலும் உதவுவான் என்று சொல்வது வழக்கம். தொழில்நுட்ப ரீதியில் பார்த்தால் அது பாதிதான் உண்மை. போட்டிக்காக 10, 15, 20 மீட்டர் அலைவரிசைகளில் உயரமான ஆன்டெனா கட்டுகிறோம். அது அலையைத் தாழ்ந்த கோணத்தில் அனுப்பி, இத்தாலியையும் ஜெர்மனியையும் பிடித்துத் தரும். ஆனால் நாகப்பட்டினத்தையும் சென்னையையும் தாண்டிக் குதித்துவிடும். புயலன்று நமக்கு வேண்டியது 50 முதல் 300 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள். அதற்கு 7 மெகாஹெர்ட்ஸில் சுமார் 20 மீட்டர் நீளமுள்ள சாதாரண டைபோல் கம்பியைத் தரையிலிருந்து நான்கைந்து மீட்டர் உயரத்தில், இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டினாலே போதும். அலை நேராக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுச் சுற்றுவட்டாரம் முழுவதும் இறங்கும். பகலில் நம் அட்சரேகையில் இது அருமையாக வேலை செய்யும், இரவானால் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். இந்தக் கம்பிக்கு எந்தப் போட்டியும் சான்றிதழ் தருவதில்லை.

எனவே அறிக்கையில் பேட்டரி ஒத்திகைக்கு இரண்டு பக்கம் கொடுங்கள். யார் வீட்டில் எத்தனை ஆம்பியர் மணி பேட்டரி இருக்கிறது, எத்தனை மணி நேரம் தாங்கியது, எந்தக் கிராமத்தோடு தொடர்பு கிடைத்தது, எதனோடு கிடைக்கவில்லை என்பதை எழுதுங்கள். கல்லூரி முதல்வர் மட்டுமல்ல, மாவட்ட நிர்வாகமும் படிக்கும்.

லாஸ்பேட்டை ஆசிரியை எழுதியது:

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே போட்டியில் கிடைக்கும் மிகப் பயனுள்ள தாளை விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அது சான்றிதழ் அல்ல. நம் பதிவேட்டைச் சரிபார்த்துப் போட்டிக் குழுவினர் தரும் அறிக்கை.

போட்டி முடிந்ததும் எல்லோரும் தங்கள் பதிவேட்டை அனுப்புகிறார்கள். ஒவ்வொரு தொடர்பும் எதிர்முனையில் இருந்தவரின் பதிவேட்டோடு கணினியால் ஒப்பிடப்படுகிறது. அவர் அழைப்புக்குறியில் ஓர் எழுத்தை நாம் தவறாகக் கேட்டிருந்தாலும், அவருடைய பதிவேட்டில் நாம் இல்லாவிட்டாலும், அந்தத் தொடர்பு நீக்கப்படுவதோடு அதன் புள்ளியைப் போல் இருமடங்கு அபராதமாகக் கழிக்கப்படுகிறது. அதாவது 3 புள்ளித் தொடர்பு ஒன்றைத் தவறாக எழுதினால் மொத்த இழப்பு 9. எந்த நிலையத்தை, எத்தனை மணிக்கு, எந்த எழுத்தில் தவறவிட்டோம் என்று வரிவரியாக அதில் இருக்கும்.

எங்கள் பள்ளி மாணவர்களுக்கு இந்த அறிக்கையைத்தான் பாடமாக வைக்கிறேன். குரல்வழிப் போட்டியில் பி, டி, ஈ போன்ற ஆங்கில எழுத்துகள் இரைச்சலில் ஒன்றுபோல் கேட்கும். அதனால்தான் பிராவோ, டெல்டா, எக்கோ என்று சொல்கிறோம். மோர்ஸில் எச் என்பது நான்கு புள்ளி, 5 என்பது ஐந்து புள்ளி. வேகமாக அனுப்பினால் அனுபவசாலிகளுக்கே தடுமாறும். எந்த நேரத்துக்குப் பிறகு தவறுகள் கூடுகின்றன என்று ஒரு மாணவி வரைபடம் போட்டாள். ஞாயிறு அதிகாலையில் கோடு செங்குத்தாக ஏறியது. சனி இரவு சற்றுத் தூங்கி எழுந்த மாணவனின் கோடு தட்டையாகவே இருந்தது. புயல் நிவாரண முகாமிலிருந்து 'இன்சுலின் 15 குப்பி' என்று வரும் செய்தியை 50 என்று எழுதிக்கொள்ளாமல் இருக்க வேறு எங்கே பயிற்சி கிடைக்கும்? சாதாரண நாளில் மற்றவர்களுடைய செய்திகளைக் கடத்த நம் விதிகள் இடம் தருவதில்லை. இயற்கைப் பேரிடரில் வழக்கமான தொலைத்தொடர்பு அறுந்தால்தான் அனுமதி. ஆகவே உண்மையான செய்தியை வைத்துப் பழகும் வாய்ப்பே நமக்கு அரிது.

அந்தமானைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். 2004 டிசம்பரில் ஹைதராபாதின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேருக்கு ஒரு குழு சென்றிருந்தது. அரிதாகவே ஒலிக்கும் அந்தத் தீவிலிருந்து உலக ஹாம்களோடு தொடர்புகொள்வதுதான் அவர்களின் நோக்கம். ஆழிப்பேரலை வந்த அன்று அதே கருவிகளை வைத்துக்கொண்டு தீவுகளுக்கும் நாட்டின் மற்ற பகுதிகளுக்கும் இடையே செய்திகளைக் கடத்தினார்கள். ஒரே நேரத்தில் நூறு பேர் கூப்பிடும் கூச்சலில் ஒரு குரலைப் பிரித்தெடுத்துப் பழகிய காதுகள் அவை.

கடற்கரை ஊர்க்காரர்களுக்குப் போட்டி செய்யும் இன்னொரு உதவியும் உண்டு. அக்டோபர் மாதப் போட்டிக்கு முன்பு நாங்கள் மாடியில் உள்ள கேபிள் இணைப்பான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்போம். வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே செப்புப் பின்னல் பச்சை பூத்து, விரலால் தொட்டால் பொடியாக உதிரும். கோடை முழுவதும் மின்கம்பப் பீங்கான்களில் படிந்த உப்பினால் வரும் கரகரப்பு, நல்ல மழை ஒன்று பெய்து கழுவியதும் எஸ் மீட்டரில் (சிக்னல் வலிமையைக் காட்டும் அளவி) சட்டென்று இறங்குவதையும் அப்போதுதான் பார்ப்போம். போட்டி என்ற தேதி இல்லாவிட்டால் யாரும் அந்தக் கேபிளைத் தொடமாட்டார்கள். புயலன்று தொட்டுப் பயனில்லை.

தேவனாம்பட்டினம் கிழக்கு எழுதியது:

சரிபார்ப்பு அறிக்கை பற்றி ஆசிரியை அம்மா சொன்னதை ஏற்கிறேன். அது அறிக்கையில் இடம்பெறத் தகுந்தது. போர்ட் பிளேர் உதாரணத்தை மட்டும் சற்று ஒதுக்கி வைப்பேன். அங்கே உதவியது, உரிமமும் இயங்கும் நிலையமும் ஆட்களும் அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தது. அவர்கள் எத்தனை போட்டிகளில் வென்றவர்கள் என்பது அன்றைக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. தாழ்வான 7 மெகாஹெர்ட்ஸ் கம்பி எல்லா உறுப்பினர் வீட்டிலும் இருக்க வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

முத்தியால்பேட்டை எழுதியது:

அந்தக் கம்பி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே ஐயா. அதே கம்பியைக் கொண்டு 40 மீட்டரில், அதாவது அதே 7 மெகாஹெர்ட்ஸில், போட்டியிலும் கலந்துகொள்ளலாம். ஐரோப்பா அவ்வளவாகக் கிடைக்காது, மதிப்பெண் மெலியும், ஆனால் ஆள் பழகிவிடுவார். போட்டி என்றாலே உயரமான கோபுரமும் சுழலும் யாகி ஆன்டெனாவும்தான் என்ற எண்ணத்தால்தான் புதியவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். உரிமம் பெற்று மூன்றாண்டுகளுக்கு உட்பட்டவர்களுக்கும், 25 வயதும் அதற்குக் குறைவானவர்களுக்கும் தனி வரிசையே இருக்கிறது. 24 மணி நேரம் மட்டும் உட்காருவோருக்கும் ஒன்று உண்டு. திங்கட்கிழமை அலுவலகம் போகிறவர்களுக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தேறியவர்களை அவற்றில் இறக்குங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் கூட்டத்தில் பேசி, போட்டிப் பகுதியைக் கீழ்க்கண்டவாறு மாற்றியிருக்கிறோம்:

'அக்டோபர் மாதம் நடந்த உலகளாவிய குரல்வழிப் போட்டியில் நம் உறுப்பினர் ஒருவர், வரையறுக்கப்பட்ட உரிமத்துக்கு விதிக்கப்பட்ட 50 வாட் திறனுக்குள், 15 மீட்டர் அலைவரிசையில் மட்டும் கலந்துகொண்டார். 100 வாட் வரை அனுமதிக்கப்படும் அந்தப் பிரிவில் இந்தியாவிலிருந்து பதிவேடு அனுப்பிய சிலரில் அவர் முதலிடம் பெற்றார். அவர் பதிவு செய்த தொடர்புகளில் எத்தனை எதிர்முனைப் பதிவேடுகளோடு ஒத்துப்போயின, எந்த எழுத்துகளில் தவறுகள் நேர்ந்தன என்ற விவரம் பின்னிணைப்பில் உள்ளது. அதே விவரத்தின் அடிப்படையில் வகுப்பில் கேட்டெழுதும் பயிற்சி நடைபெற்று வருகிறது.'

'சிலரில்' என்ற இடத்தில் பட்டியலைப் பார்த்துச் சரியான எண்ணை நிரப்புவோம். தலைப்பிலிருந்து முதலிடத்தை எடுத்துவிட்டோம். இளைஞர்களுக்கு அதில் சற்று வருத்தம்தான். பேட்டரி ஒத்திகைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியாயிற்று. தொடர்பு கிடைக்காத கிராமங்களையும் பெயர் சொல்லி எழுதுகிறோம்.

கடைசியாக ஒரு சந்தேகம். இந்த ஆண்டு உறுப்பினர்கள் பலர் தனித்தனியாகக் கலந்துகொள்ளப் போவதாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய மதிப்பெண்கள் மன்றத்தின் கணக்கில் சேர என்ன செய்ய வேண்டும்?

முத்தியால்பேட்டை எழுதியது:

வரைவு நன்றாக இருக்கிறது. அப்படியே அச்சுக்குக் கொடுங்கள். மன்றத்தின் மதிப்பெண் என்பது உறுப்பினர்கள் தத்தம் பெயரில் அனுப்பிய பதிவேடுகளின் மதிப்பெண் கூட்டல்தான். ஒவ்வொருவரும் தங்கள் கேப்ரில்லோ கோப்பின் (பதிவேட்டை அனுப்பும் கணினிக் கோப்பு) தலைப்பகுதியில் 'கிளப்' என்று தொடங்கும் வரியில் மன்றத்தின் பெயரை எழுத வேண்டும். ஒருவர் முழுப்பெயரும் மற்றவர் சுருக்கமும் எழுதினால், அவை ஒரே மன்றம் என்று கணினி தானாகப் புரிந்துகொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. பெயரை இப்போதே முடிவு செய்து, ஒரே எழுத்துக்கூட்டலில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். பதிவேடு அனுப்பப் போட்டி முடிந்து ஐந்து நாள்தான் அவகாசம். செயலாளர் என்ற முறையில் வியாழக்கிழமைக்குள் எல்லோரையும் தொலைபேசியில் ஒருமுறை விரட்டிவிடுங்கள். 73 (ஹாம் வழக்கில் அன்பு வாழ்த்துகள்).